தடைக்காலத்தில் போக்கர்: எந்த ஆட்டத்தில் தொடங்குவது, எந்த வழியில் கற்பது?

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் எங்கும் விசைப்படகுகள் கயிற்றில் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரமாகப் போய் வருவார்கள். மற்றவர்களுக்கு வலையைச் சரிபார்ப்பது, படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்து மாட்டுவது என்று காலைப்பொழுது ஓடிவிடும். மதியத்துக்கு மேல் சீட்டுக்கட்டு வெளியே வரும். ரம்மியும் மூணு சீட்டும் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு.

போன தடைக்காலத்தில் என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, போக்கர் கத்துக்கலாம்னு இருக்கேன். போன்ல கத்துக்கவா, இல்ல நீங்க சொல்லித் தர்றீங்களா?" நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்த வருஷங்களில் பிலிப்பினோ நண்பர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். அவனுக்கும் அவன் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று இறங்கினேன். எதில் தொடங்குவது, எப்படிக் கற்பது என்று நாங்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் வைத்த அளவுகோல் ஒன்றுதான். தேறாத சீட்டைக் கீழே வைக்க எது சீக்கிரம் பழக்குகிறதோ அதுவே நல்ல வழி. போக்கர் விதிகளை ஒரு சாயங்காலத்தில் சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சீட்டை வைத்துவிட்டு விலகுவதுதான் மடக்குவது. மடக்கத் தெரியாதவன் அத்தனை விதியும் மனப்பாடமாக இருந்தாலும் தோற்பான். ரம்மி ஆடுகிறவர்களுக்கு இது புரியும். ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டால், அதாவது சீட்டை வைத்துவிட்டு விலகினால், 20 பாயிண்டோடு போகிறது, நடுவில் விட்டால் 40, கடைசி வரை உட்கார்ந்து மாட்டிக்கொண்டால் 80. டெக்ஸஸ் ஹோல்டம் என்ற போக்கரில் ஒரே கைக்குள், அதாவது ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பதற்குள், நான்கு தடவை "இருக்கிறாயா, ஸ்கூட்டா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் இருப்பதற்கான விலை ஏறும்.

முதலில் காசு விஷயத்தைப் பேசி முடித்துவிடுகிறேன். காசு வைத்துத்தான் கற்க முடியும் என்று சொல்கிறவர்கள் உண்டு. இழப்பு வலித்தால்தான் பாடம் ஏறும் என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் சொந்தத்தில் ஒருவர், அரசு தரும் தடைக்கால நிவாரணம் வங்கியில் ஏறிய ராத்திரியே போனில் காசு வைத்து ஆடி, விடிவதற்குள் அத்தனையையும் விட்டார். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அந்தத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார்கள். மறுநாள் காலை அரிசி வாங்கப் பணம் எடுக்க ஏடிஎம்முக்குப் போன அவர் மனைவி, துண்டுச் சீட்டைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவருக்கு அந்த ராத்திரி எந்தப் பாடத்தையும் கற்றுக்கொடுக்கவில்லை. விட்டதைப் பிடிக்கும் வெறியைத்தான் கொடுத்தது.

சட்டமும் இப்போது தெளிவாக இருக்கிறது. தமிழ்நாடு 2022-இல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது, அவை திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. அதன்பின் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே இடம் வைக்காமல், காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடுத்துவிட்டது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகும் யாராவது லிங்க் அனுப்பி "காசு போடு" என்று கூப்பிட்டால், போட்ட காசைக் கேட்க உங்களுக்கு ஒரு வாசலும் கிடையாது. கரையில் கூட்டமாக உட்கார்ந்து காசு வைத்தால் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இருக்கவே இருக்கிறது. ஆகவே காசு என்ற வழியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அதற்கு மாற்றாக நாங்கள் வைத்தது புளியங்கொட்டையும் சோழியும். கொட்டை ஒன்றுக்கு ஒரு மதிப்பு, சோழிக்குப் பத்து. ஆளுக்கு ஐந்து சோழி, ஐம்பது கொட்டை, ஆக நூறு. இதில் வலி எங்கே என்று கேட்கலாம். சாயங்காலம் யார் கையில் குறைவாக மிஞ்சியிருக்கிறதோ, அவர் மறுநாள் காலை வலைக்கண்ணில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பியையும் தனியாக உட்கார்ந்து எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் விரல் நுனி எரியும் வேலை. மூன்றாம் நாளிலிருந்து யாரும் கொட்டையைச் சும்மா எறியவில்லை. இந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் கொட்டை வைத்து ஆடுவது பிள்ளை விளையாட்டாகத்தான் போகும்.

அடுத்தது, எந்த ஆட்டம். போக்கர் என்று ஒரே ஆட்டம் இல்லை, ஒரு குடும்பம். அதில் புதியவர் தொடங்கத்தக்கவை இரண்டுதான்: ஐந்து சீட்டு டிரா, டெக்ஸஸ் ஹோல்டம்.

டிராவில் ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரு சுற்று பந்தயம், பிறகு வேண்டாத சீட்டைக் கொடுத்துவிட்டு அதே எண்ணிக்கையில் புதிது வாங்கலாம், இன்னொரு சுற்று பந்தயம், அப்புறம் காட்டவேண்டியதுதான். எல்லாச் சீட்டும் கையிலேயே இருக்கும். ரம்மிப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபடும். ஐந்து சீட்டுக்கு எந்தக் கை பெரியது என்ற வரிசையை மனதில் பதிய வைக்க இதைவிட நல்ல ஆட்டம் இல்லை. ஒவ்வொரு கையிலும் ஐந்தையும் விரித்துப் பார்த்து "என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் வழுக்கும் இடம் இந்த வரிசைதான். மூணு சீட்டில் சீக்வன்ஸ் (பூ எதுவானாலும் அடுத்தடுத்த எண்கள்) பெரியது, கலர் (எல்லாம் ஒரே பூ) அதற்குக் கீழே. போக்கரில் தலைகீழ்: ஒரே பூவில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ், சீக்வன்ஸை வெல்லும். ஏன் மாறுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் மறக்காது. 52 சீட்டிலிருந்து மூன்று எடுத்தால் 22,100 விதம் வரும். அதில் வெறும் சீக்வன்ஸ் 720, வெறும் கலர் 1,096. அரிதானது பெரியது என்பதால் சீக்வன்ஸ் மேலே. ஐந்து எடுத்தால் 25,98,960 விதம். அதில் சீக்வன்ஸ் 10,200, ஃப்ளஷ் 5,108 மட்டும். இங்கே ஃப்ளஷ்தான் அரிது. அக்கா மகனின் கூட்டாளி ஒருவன் இரண்டாம் நாளே சீக்வன்ஸைப் போட்டுவிட்டு, நடுவில் எல்லோரும் வைத்த பந்தயக் குவியலை அள்ளப் போனான். எதிரில் ஃப்ளஷ். ஒரு சண்டையே வந்தது. அன்றைக்குத்தான் வரிசையைச் சின்னதிலிருந்து பெரியது வரை அட்டையில் எழுதிக் கொட்டகைத் தூணில் கட்டினோம்: ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒரே எண், சீக்வன்ஸ், ஃப்ளஷ், மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், நான்கு ஒரே எண், ஒரே பூவில் சீக்வன்ஸ்.

டிராவில் இன்னொரு நல்ல விஷயம், எதிராளி எத்தனை சீட்டு மாற்றுகிறார் என்பதே பேசும். மூன்று மாற்றினால் பெரும்பாலும் கையில் ஒரு ஜோடி. ஒன்று மட்டும் மாற்றினால் இரண்டு ஜோடியோ, ஃப்ளஷுக்கோ சீக்வன்ஸுக்கோ ஒன்று குறைவோ. மாற்றவே இல்லை என்றால் ஒன்று பெரிய கை, அல்லது ஒன்றுமில்லாமல் பெரிய கை மாதிரிக் காட்டும் மிரட்டல். அடுத்தவர் செய்கையைப் பார்த்து யோசிக்கும் பழக்கம் இங்கே தானாக வரும். குறை என்னவென்றால், பந்தயம் இரண்டே சுற்று. மடக்கும் வாய்ப்பும் இரண்டே தடவை. ஏழு பேர் சேர்ந்து ஆளுக்கு மூன்று மாற்றினால் கட்டில் சீட்டே பத்தாது.

ஹோல்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டுதான். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று ஐந்து விரிப்பார்கள். இந்த ஏழில் நல்ல ஐந்து உங்கள் கை. இரண்டு சீட்டு பார்த்ததும் ஒரு பந்தயம், மூன்று விரித்ததும் ஒன்று, நான்காவதுக்கு ஒன்று, ஐந்தாவதுக்கு ஒன்று. உலகம் முழுக்க இதுதான் ஓடுகிறது. இந்த ஆட்டம் பிறந்த இடம் ராப்ஸ்டவுன் என்று டெக்ஸஸ் சட்டமன்றம் 2007-இல் தீர்மானமே போட்டது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் 86 டாலர் தகுதிச் சுற்றில் நுழைந்து, லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் தொடரில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதன்பிறகு போக்கர் பற்றி வந்த பாடம், வீடியோ, ஆப் எல்லாமே பெரும்பாலும் ஹோல்டம்தான். கற்றுக்கொள்ள ஆதாரம் வேண்டும் என்றால் இதுவே வளமானது.

எங்கள் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. கொட்டகை தென்கடல் பக்கம். மே கடைசியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பாயில் விரித்த பொதுச் சீட்டு பறந்துவிடும். ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு வலை ஈயத்தை வைத்துத்தான் ஆடினோம். எண் தெரிய வேண்டும் என்பதால் ஈயத்தை மூலையில் வைக்காமல் நடுவில் வைக்க வேண்டும். டிராவில் இந்தத் தொல்லை கிடையாது. இன்னொன்று, காகிதச் சீட்டு உப்புக்காற்றில் நாலே நாளில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கலைக்கவே முடியாது. முதுகில் கறை பட்டால் இன்னது என்று அடையாளமும் தெரிந்துவிடும். கொஞ்சம் விலை கூடினாலும் பிளாஸ்டிக் சீட்டே வாங்குங்கள்.

ஓமஹா என்று ஒன்று இருக்கிறது. ஆளுக்கு நான்கு சீட்டு, அதில் கட்டாயம் இரண்டும் நடுவிலிருந்து மூன்றும் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டே இருப்பதால் புதியவருக்கு மடக்க மனசே வராது. முதல் வருஷத்தில் தொடாதீர்கள்.

டிராவா ஹோல்டமா என்றால், என் பதில் இரண்டும், ஆனால் வரிசையாக. முதல் ஒரு வாரம் டிரா மட்டும். தூணில் கட்டிய அட்டையை யாரும் திரும்பிப் பார்க்காத நாள் வந்ததும் ஹோல்டத்துக்கு மாறிவிட வேண்டும். டிராவிலேயே தங்கிவிட்டால் இரண்டு சுற்றுக்கு மேல் யோசிக்கத் தெரியாமல் போகும். நேரே ஹோல்டத்தில் குதித்தால், நடுவில் கிடக்கும் ஐந்தைப் பார்த்து "எனக்கு என்ன வந்திருக்கிறது?" என்று தேடுவதிலேயே மூளை தீர்ந்துவிடும், எதிராளியைப் பார்க்க நேரம் இருக்காது.

சரி, எப்படிக் கற்பது? போனில் போலிக் காசு ஆப், வீடியோ, பாயில் உட்கார்ந்து ஆடுவது. மூன்றையும் நாங்கள் செய்து பார்த்தோம்.

ஆப்பின் பலம் வேகம். பாயில் கலைத்து, வெட்டி, போட்டு, எண்ணி ஆடினால் மணிக்கு இருபது கை போவதே பெரிய காரியம். போனில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு போகும். யார் முறை, குறைந்தது எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும், தகராறு இல்லை. ஆனால் போலிக் காசில் யாரும் மடக்குவதில்லை. தீர்ந்தால் நாளைக்கு இலவசமாகத் திரும்ப வரும் காசு, எதற்கு மடக்க வேண்டும்? எல்லோரும் எல்லாக் கையிலும் இருப்பார்கள். அங்கே மிரட்டல் எடுபடாது, எதிராளியின் பந்தயத்துக்கு அர்த்தமும் இருக்காது. அக்கா மகன் பத்து நாள் போனில் ஆடிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, ஏழும் இரண்டும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது சுற்று வரை வந்தான். பூவும் சேராத, வரிசையும் சேராத அந்த இரண்டு சீட்டுதான் ஹோல்டத்திலேயே ஆக மோசமான தொடக்கம். "ஆப்ல இதுல கூட ஜெயிச்சேன் மாமா" என்றான்.

வீடியோவில் கணக்கு கற்கலாம், ஆட்டம் கற்க முடியாது. பெரிய போட்டிகளின் வீடியோவில் பரபரப்பான கைகளைத்தான் வெட்டி எடுத்துப் போடுகிறார்கள். நடுவில் மணிக்கணக்காக மடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பது அதில் வராது. பார்க்கிற பையன்கள் எல்லாக் கையும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு சீட்டும் ஜோடியாக வருவது 17 கைக்கு ஒரு தடவை. இரண்டு ஆஸ் வருவது 221 கைக்கு ஒரு தடவை. எங்கள் வேகத்தில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒருமுறை பார்க்கலாம்.

பாயில் ஆடுவது மெதுவானது. அந்த மெதுவில்தான் படிப்பு இருக்கிறது என்பதற்கு ஒரு கையைச் சொல்கிறேன். அக்கா மகனிடம் ஆட்டின் 9, ஆட்டின் 8. நடுவில் ஆட்டின் ஜாக், ஆட்டின் 4, கிளாவர் கிங், நான்காவதாக ஸ்பேட் 2. கையோடு சேர்த்து நான்கு ஆட்டின் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று வந்தால் ஃப்ளஷ். ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. குவியலில் 30 கொட்டை. எதிரில் இருந்தவன் மூன்று சோழியைத் தள்ளினான், அதாவது 30. இவன் இருக்க வேண்டும் என்றால் 30 போட வேண்டும்.

"நாலு ஆட்டின் இருக்கே மாமா, எப்படி விடுறது?"

"எண்ணு மாப்ள" என்றேன். கட்டில் ஆட்டின் மொத்தம் 13, நான்கைப் பார்த்தாயிற்று, பாக்கி 9. பார்க்காத சீட்டு 46. ஆக 46-இல் 9, நூற்றுக்குக் கிட்டத்தட்ட 20. அவசரத்துக்கு, உதவுகிற சீட்டை எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும்: ஒன்பதிரண்டு பதினெட்டு. இரண்டு சீட்டு பாக்கி இருந்து, நடுவில் இன்னொரு பந்தயம் கட்டாமல் இரண்டையும் பார்க்க முடியும் என்றால் நான்கால் பெருக்கலாம். இனி விலை: 30 போட்டால் மொத்தக் குவியல் 90. அதில் மூன்றில் ஒரு பங்கு அவன் போடுவது. நூற்றுக்கு 33 வாய்ப்பு இருந்தால்தான் கட்டுப்படியாகும். இருப்பது 20. மடக்க வேண்டும். எதிராளி 30-க்குப் பதிலாக 6 மட்டும் வைத்திருந்தால், 6 போட்டு 42 குவியலைப் பார்க்கலாம், 14 போதும், தாராளமாக இருக்கலாம்.

கேட்டுக்கொண்டான், ஆனால் போட்டான். ஐந்தாவது சீட்டு ஆட்டின் 5. குவியலை அள்ளிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். எதிரில் இருந்தவன் கிங்கும் குயினும் காட்டிவிட்டு எழுந்து போனான். அந்தச் சாயங்காலம் நான் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. தப்பான முடிவுக்கு நல்ல பலன் வந்துவிட்டால் ஆசிரியர் ஒன்றும் செய்ய முடியாது.

மறுநாள் 46 கொட்டையைப் பாயில் பரப்பி, ஒன்பதைத் தனியே ஒதுக்கினேன். "இந்த ஒன்பதுல உனக்கு 60, 60-ஆ வருது. 540. மிச்சம் முப்பத்தேழுலயும் 30, 30-ஆ போகுது. 1,110." அவனே கழித்தான்: 570 நட்டம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு கொட்டை. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நேத்து நான் ஜெயிச்சது?" என்றான். "சீட்டு வந்துச்சு, அவ்வளவுதான்" என்றேன். ஆப் இந்த இடத்தில் அடுத்த கையைப் போட்டுவிட்டிருக்கும். வீடியோவில் அது வேறு ஒருவருடைய கை. பாயில் மட்டும்தான் அந்தக் கையை நிறுத்தி, மறுநாள் திரும்ப எடுத்துப் பேச முடிந்தது.

உட்காரும் இடத்தின் முக்கியத்துவத்தையும் பாயில்தான் எளிதாகப் புரியவைக்க முடிந்தது. கரையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். முதலில் விலை கேட்கிறவர் இருட்டில் கேட்கிறார். கடைசியில் கேட்கிறவர் எல்லோர் வாயையும் பார்த்துவிட்டுக் கேட்கிறார். ஹோல்டத்திலும் கடைசியில் பேசும் இடம் கிடைத்தால் சுமாரான சீட்டையும் ஆடலாம். முதலில் பேசும் இடத்தில் பெரிய ஜோடி, ஆஸ்-கிங், ஆஸ்-குயின் மாதிரி இருந்தால் மட்டும் இறங்க வேண்டும், மற்றதைப் பார்த்தவுடனே மடக்கலாம். ஐந்து கைக்கு ஒன்று ஆடினாலே புதியவருக்குப் போதும்.

ஆக எங்கள் 61 நாள் இப்படிப் போனது. முதல் வாரம் டிரா. பிறகு மே முடியும் வரை பாயில் ஹோல்டம், கொட்டையும் வலை வேலையும் வைத்து. ஜூனில் தினம் அரை மணி நேரம் போனில், போலிக் காசில், ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு: இருபது கையில் எத்தனை மடக்கினாய் என்று நோட்டில் எழுத வேண்டும். பதினைந்துக்குக் கீழே போனால் அன்றைக்குப் போனை வைத்துவிட வேண்டும். ஆப் தரும் வேகத்தை இப்படி எடுத்துக்கொண்டால் நல்லது. பாய்க்கு முன்னால் ஆப் போனால் கெட்ட பழக்கம், பாய்க்குப் பின்னால் போனால் நல்ல பயிற்சி.

கூட்டாளி சேராமல் தனியாக இருப்பவர்களும் போனைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அவர்கள் முதல் வாரம் ஆப்பைத் திறக்காமல், ஒரு கட்டை எடுத்து நான்கு ஆளுக்கு இரண்டிரண்டு முகம் தெரியப் போட்டு, நடுவில் ஐந்தை ஒவ்வொன்றாக விரித்து, எந்த இடத்தில் யார் மடக்கியிருக்க வேண்டும் என்று தாங்களே சொல்லிப் பார்க்கலாம். இரண்டு பேர் மட்டும் இருந்தால் டிரா ஆடுங்கள். இருவர் ஆடும் ஹோல்டத்தில் எந்தச் சீட்டை ஆடலாம் என்ற கணக்கே வேறாகிவிடும், கற்றதெல்லாம் குழம்பும்.

ஜூன் 14 சாயங்காலம் ஐஸ் ஏற்ற வண்டி வந்து நின்றபோது பாயைச் சுருட்டினோம். சீட்டை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, நிழலில் காயவைத்து டப்பாவில் போட்டாயிற்று. உப்போடு அப்படியே வைத்திருந்தால் அடுத்த ஏப்ரலுக்குத் தேறாது. சோழியும் கொட்டையும் அதே டப்பாவில் இருக்கின்றன. எண்ணிப் பார்த்ததில் இரண்டு சோழி குறைந்தது.